ஒண்ணும் பண்ணாதுங்க

அவருக்குச் ‘சரிங்க’ என்று பட்டப்பெயர் வைத்தது அவருடைய மைத்துனன். கல்யாணத்தன்று போட்டோ எடுத்தவர், “மாப்பிள்ளை சார், கொஞ்சம் நகருங்க” என்றாராம். “சரிங்க” என்று நகர்ந்தார். “இன்னும் கொஞ்சம்.” “சரிங்க.” இப்படி நகர்ந்து நகர்ந்து, கடைசியில் மாப்பிள்ளையின் இடது தோளும் ஒரு காதும் மட்டும்தான் படத்தில் விழுந்தன. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் படம் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் “இது யார் காது?” என்று கேட்பார்கள். “எங்க வீட்டுக்காரரோடது” என்பாள் மனைவி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

சரிங்கவுக்கு வயது ஐம்பத்தொன்று. கடைவீதியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து லென்ஸைத் தேய்ப்பார், பிரேமில் பொருத்துவார், பிறகு முன்பக்கம் வந்து வாடிக்கையாளரின் மூக்கிலும் காதிலும் அதை ஒழுங்காக உட்கார வைப்பார். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக இல்லாமல் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் போட்டவருக்குத் தலைவலி வந்துவிடும். அதனால் கடையில் மட்டும் அவர் வேறு ஆள். “இந்தப் பிரேம் உங்க மூக்குல நிக்காதும்மா, வேற எடுங்க” என்று யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கடைப்படி இறங்கினால் போச்சு. பஸ்ஸில் யாராவது அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாலே எழுந்து இடம் கொடுத்துவிடுவார். அவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருப்பார்கள்.

அவர் இருந்த குடியிருப்பில் நான்கு கட்டடங்கள், எழுபத்திரண்டு வீடுகள், நடுவில் ஒரு புல்தரை, எல்லாருக்கும் சேர்த்து ஒரே கேட். சங்கத்தின் பழைய செயலாளர் உடம்பு முடியவில்லை என்று திடீரென்று விலகினார். விலகிய மறுநாளே அவர் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. புதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். நாற்காலி பற்றவில்லை. “நாலு நாற்காலி எடுத்துட்டு வர்றீங்களா?” என்று யாரோ கேட்டார்கள். சரிங்க போனார்.

“அவரையே போட்டுடலாமே” என்றது ஒரு குரல்.

“ஆள் இல்லாதப்பவா? ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?”

“கேட்டா என்ன சொல்லப் போறாருன்னு நமக்குத் தெரியாதா?”

இரண்டு கையிலும் இரண்டிரண்டு நாற்காலியோடு அவர் திரும்பி வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். நாற்காலி கொண்டு வந்ததற்கு இவ்வளவு மரியாதையா என்று அவரும் நெகிழ்ந்துதான் போனார். விஷயம் தெரிந்தபோது வாயில் வந்தது அந்த ஒரே சொல்தான்.

பழைய செயலாளரை ஓட வைத்தது நாய் விவகாரம். பதினோரு வீடுகளில் நாய் இருந்தது. ஆறு வீட்டுக்காரர்கள் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்ற ஐந்து பேர் கீழே வந்ததும் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். நாய்கள் புல்தரையில் ஓடும், செடிகளுக்குள் புகும், காய்கிற போர்வையை இழுக்கும், படிக்கட்டில் குறுக்கே படுத்துக்கொள்ளும். யாராவது பயந்து ஒதுங்கினால், நாயின் சொந்தக்காரர் முப்பது அடி தள்ளி நின்று கையை ஆட்டி, “ஒண்ணும் பண்ணாதுங்க” என்பார். அந்தக் குடியிருப்பில் ஒரு நாளில் அதிகமாகச் சொல்லப்பட்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். உள்ளாடையைக் கவ்விக்கொண்டு ஓடும் நாயைப் பார்த்துக்கூட அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த ஐந்துக்கும் தலைமை மேஜர். கன்றுக்குட்டி உயரத்துக்குக் கறுப்பு நாய். அதை வளர்த்தவர் முதல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த நீச்சல் பயிற்சியாளர். எல்லாரும் அவரைக் கோச் என்பார்கள். அகன்ற மார்பு, கணீரென்ற குரல். நாய்களைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. சரிங்க செயலாளரான அன்று சாயங்காலமே அதைச் சொல்ல மேஜரோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“கட்டிப் போட்டா நாய்க்கு மன உளைச்சல் வருதுங்க. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், சுதந்திரமா ஓடணும். நீங்க செயலாளரா வந்ததே நல்லதாப் போச்சு. புரிஞ்சுக்கிற மனுஷன். என்ன சொல்றீங்க?”

மேஜர் இதற்குள் மேசைக்கடியில் கிடந்த மனைவியின் செருப்பில் பாதியைத் தின்றிருந்தது.

“சரிங்க” என்றார் சரிங்க.

“ஒண்ணும் பண்ணாதுங்க” என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கோச் போனார்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, டீச்சர் வந்தார். மூன்றாவது கட்டடத்தின் தரைத்தளத்தில் இருப்பவர். முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கையில் நான்காக மடித்த காகிதம்.

“நேத்துக் காலையில ஆறு பத்துலேருந்து ஆறு அம்பது வரைக்கும் என் ஜன்னலைக் கடந்து நாய் போனது பதினேழு தடவை. கயிறு இருந்தது மூணு தடவை. மிச்சம் பதினாலு. என் பூந்தொட்டியில காலைத் தூக்கினது அஞ்சு. கயிறு இல்லாம ஒரு நாயும் வெளியே வரக்கூடாது. அப்புறம் அந்தக் கறுப்புப் பூதத்தை இங்கேருந்தே அனுப்பிடணும். செய்வீங்களா, மாட்டீங்களா?”

“சரிங்க டீச்சர்.”

டீச்சர் போனதும் மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர் அவள். சத்தம் போடாமல் திட்டுவது தொழிலோடு வந்த பழக்கம்.

“ரெண்டு பேருக்கும் சரியா?”

“மனசு நோக விடக் கூடாதில்ல.”

“என் செருப்பு நொந்து போய்க் கிடக்குது பாருங்க” என்று மிச்சத்தைத் தூக்கிக் காட்டினாள்.

மூன்று வாரம் வண்டி ஓடியது. செயலாளர் நம்ம ஆள் என்று கோச் நாய்க்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். செயலாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று டீச்சர் தம் பக்கத்தவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். நடுவில் சரிங்க அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார். ‘செல்லப் பிராணிகளின் விஷயத்தில் அனைவரும் தக்கபடி நடந்துகொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’ தக்கபடி என்றால் கயிற்றோடு என்று டீச்சர் படித்தார். தக்கபடி என்றால் கயிறில்லாமல் என்று கோச் படித்தார். அந்த ஒரு சொல்லைப் பிடிக்கச் சரிங்க இரண்டு நாள் பஸ்ஸில் யோசித்திருந்தார். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஆனால் நாய்களுக்கு இந்த ராஜதந்திரம் எல்லாம் தெரியாது. விரட்டாத மனிதர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது. காலை எட்டரைக்குச் சரிங்க சாப்பாட்டுப் பையோடு இறங்கினால் மேஜர் முன்னால் நடக்கும், இன்னும் மூன்று நாய்கள் பின்னால் வரும். பஸ் நிறுத்தம் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பும். நாய்த் தொல்லையை ஒழிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட செயலாளர் நான்கு நாய்கள் காவலோடு ஊர்வலம் போவதை டீச்சர் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சரிங்க தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த சந்து வழியாக ஒளிந்து ஒளிந்து போக ஆரம்பித்தார். நாய்களுக்கு அந்த வழி இன்னும் பிடித்துப் போயிற்று.

அது ஒரு வியாழக்கிழமை. அவருக்கு வார விடுமுறை. மதியம் இரண்டரை மணி இருக்கும். கேட்டுக்குப் பக்கத்தில் கோச்சும் மேஜரும் நின்றிருந்தார்கள். மேஜரின் கயிறு கேட் கம்பியில் கட்டியிருந்தது.

“இந்த நேரத்துல ஒரு ஈ காக்கா இல்லை. அஞ்சு நிமிஷம் அவுத்து விடட்டுமாங்க?” என்று கேட்டார் கோச்.

“சரிங்க.”

மேஜர் அவிழ்ந்ததும், மதிலில் இருந்து குதித்த ஒரு பூனையும், காலை வேலை முடிந்து ஸ்கூட்டரில் கேட்டுக்குள் திரும்பிய நர்ஸும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். நான்காவது கட்டடத்தில் குடியிருந்த நர்ஸ் சிரித்த முகமான பெண். பூனை குறுக்கே போனது. பூனைக்குப் பின்னால் மேஜர் போனது. நர்ஸ் பிரேக்கை அழுத்தினாள். ஸ்கூட்டர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். சாப்பாட்டு டப்பா உருண்டு உருண்டு சரிங்கவின் காலடியில் வந்து நின்றது.

கோச் கெட்டவர் இல்லை. முதலில் ஓடியவர் அவர்தான். அவளைத் தூக்கப் போன வேகத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடி கீழே விழுந்து வளைந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் தம் காரிலேயே அவளை ஏற்றிக்கொண்டார். சரிங்க பின் சீட்டில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழியில் கோச், பாவம், பழக்க தோஷம், “அது விளையாட ஓடுச்சும்மா. ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லிவிட்டார்.

“அது ஒண்ணும் பண்ணலைங்க” என்றாள் நர்ஸ், இடது கையை வலது கையால் ஏந்திக்கொண்டு. “நான்தான் கையை ஒடச்சுக்கிட்டேன்.”

அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிதான். “காலையில டூட்டி பத்தலையா, சாயங்காலம் நோயாளியா வந்துட்டே?” என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்துகொண்டே எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் தாழ்வாரப் பெஞ்சில் சரிங்கவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோச் மருந்து வாங்கப் போயிருந்தார்.

“நாயை அவுக்கும்போது நீங்க பக்கத்துலதானே நின்னீங்க அண்ணே?”

“நின்னேம்மா.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னீங்க?”

அவர் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கை அசைந்து மறுபடி வலித்தது. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. மனைவி எதிரில் உட்கார்ந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். இது கேட்க வேண்டிய பேச்சு என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“நான் யாருக்கும் கெட்டது நினைக்கலையே” என்றார்.

“நினைக்கலை. யாருக்கும் நல்லதும் சொல்லலை” என்றாள் மனைவி. “கடையில மட்டும் எப்படிங்க வாய் வருது? அன்னிக்கு நான் வந்தப்ப ஒரு பெரிய மனுஷன்கிட்ட, இது முடியாது சார், தலை வலிக்கும்னு சொன்னீங்களே. அவரு முறைச்சாரே, அப்ப உங்களுக்குப் பயமா இல்லையா?”

“அது வேற. தப்பா மாட்டிக்கிட்டுப் போனா அவர்தானே கஷ்டப்படுவாரு.”

சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். மகள் மெதுவாக நழுவினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோச் வளைந்த கண்ணாடியோடு கடைக்கு வந்தார். சரிங்க அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விழுந்ததில் வந்த வளைவு ஒன்று. அதற்கு முன்பே இருந்த வளைவு இன்னொன்று. வலது காதில் மாட்டும் கம்பி வெளிப்பக்கமாக விரிந்து போயிருந்தது. ஒரே கையால், அதுவும் இடது கையால், மாட்டி மாட்டிக் கழற்றுகிறவர்களுக்குத்தான் அப்படி ஆகும். சூடு காட்டி நிமிர்த்திக் கொடுத்தார்.

“ரெண்டு கையாலயும் போட்டுப் பாருங்க.”

“இப்படியே போட்டுக்கறேனே.”

“ரெண்டு கையாலயும் போடுங்க சார்.” கடைக்குரல் அது.

கோச்சின் வலது கை மார்பு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. முகம் மட்டும் சுருங்கியது.

“எத்தனை நாளா இப்படி?”

கோச் சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். அந்தக் கணீர்க் குரலுக்குத் தாழ்த்தவும் தெரியும் என்பதைச் சரிங்க அன்றைக்குத்தான் அறிந்தார். “ஒரு வருஷமாச்சுங்க. தோள் போச்சு. குளத்துல இறங்காமக் கரையில நின்னு விசில் ஊதியே சமாளிக்கறேன். தெரிஞ்சா வேலை போயிடும். போன வருஷம் மேஜர் ஒரு இழுப்பு இழுத்துச்சு பாருங்க, படியில இருந்து கீழே வந்துட்டேன். அதுலேருந்து கயித்தைக் கையில புடிக்கறதில்லை. இறங்கினதும் அவுத்து விட்டுடறது.”

“அப்ப நாய்க்கு மன உளைச்சல்னு சொன்னது?”

“எனக்குத்தாங்க” என்றார் கோச். “யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

“சரிங்க” என்றார் சரிங்க. இந்தத் தடவை அதைச் சொல்வதற்கு முன்னால் யோசித்துத்தான் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க அவர் சும்மா இருக்கவில்லை. நாய் இருக்கும் பதினோரு வீட்டுக்கும் போய், நாய் ஓட எவ்வளவு இடம் வேண்டும் என்று விசாரித்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அவர் ஒளிந்து போய்க்கொண்டிருந்த சந்தின் ஓரத்தில், உடைந்த சிமெண்ட் குழாய்களும் பழைய கதவும் போட்டு வைத்த இடம் ஒன்று இருந்தது. மூன்று பக்கம் மதில். கடையிலிருந்து அளவு நாடா கொண்டு வந்து அளந்தார். நாற்பத்தெட்டு அடி நீளம், முப்பது அடி அகலம். மறுபடி ஒரு முறை அளந்து, நாற்பத்தேழே முக்கால் என்று திருத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டிகள் நிறுத்தும் கொட்டகையில் கூட்டம். கோச் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். டீச்சரும் முன் வரிசையில், மடியில் காகிதக் கட்டு. இரண்டு பேருமே செயலாளரைப் பார்த்துச் சிநேகமாகத் தலையசைத்தார்கள். ஒருவர் தலையசைப்பதை மற்றவர் பார்த்து இருவரும் புருவத்தைத் தூக்கினார்கள்.

சரிங்க எழுந்தார். “முதல்ல ஒண்ணு சொல்லிடறேங்க. நாயை அவுத்து விடலாம்னு கோச் சார் கேட்டாரு, சரின்னேன். அன்னிக்கே, அவுக்கவே கூடாதுன்னு டீச்சர் கேட்டாங்க. அதுக்கும் சரின்னேன்.”

பின்னால் யாரோ தும்மலை அடக்குவது மாதிரி சிரிப்பை அடக்கினார்கள். அப்புறம் மொத்தக் கூட்டமும் சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர்தான், அந்த முன் வரிசைக்காரர்கள்.

“அதனாலதான் இந்தப் பொண்ணு கை ஒடஞ்சுச்சு” என்று மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த நர்ஸைக் காட்டினார். சிரிப்பு நின்றது. “இனிமே கயிறு இல்லாம ஒரு நாயும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாதுங்க. கயித்தைப் புடிக்கற ஆளுக்கு அந்த நாயை நிறுத்தற பலமும் இருக்கணும்.”

கோச்சின் முகம் வெளுத்தது. தம் தோளைப் பற்றித்தான் சரிங்க சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார். சரிங்க அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

“காலையில மட்டும் ஒரு மணி நேரம், சின்ன நாய்ங்க மட்டும்...” என்று ஒருவர் இழுத்தார்.

“முடியாதுங்க.”

“சார், உடம்பு நல்லாத்தானே இருக்கு?” என்று பின்வரிசையிலிருந்து ஓர் அக்கறையான குரல் கேட்டது.

டீச்சர் வெற்றிப் புன்னகையோடு எழுந்தார். “ரொம்ப சந்தோஷம். அடுத்தது, அந்தக் கறுப்பு நாயை இங்கேருந்து அனுப்பற தீர்மானம்.”

“அதுவும் முடியாதுங்க டீச்சர்.”

டீச்சருக்கு மாணவன் விடையை மாற்றி எழுதிவிட்டது போல் இருந்தது. “எனக்குச் சரின்னீங்களே!”

“தப்பாச் சொல்லிட்டேன் டீச்சர். நாய் அதோட குணத்துக்கு ஓடுச்சு. அவுத்து விட்டது நாங்க ரெண்டு பேரு. அனுப்பறதா இருந்தா எங்களைத்தான் அனுப்பணும்.”

பிறகு தொட்டிக்குப் பின்னால் இருக்கும் இடத்தைச் சொன்னார். குழாய்களை அகற்றி, திறந்த பக்கத்துக்குக் கம்பி வேலியும் கதவும் போட்டால் நாய்கள் அதற்குள் அவிழ்ந்து ஓடலாம். கயிற்றோடு போய்க் கயிற்றோடு வர வேண்டும். ஒரு மணி நேரம் ஆளாளுக்குப் பேசினார்கள். ஒரே சமயத்தில் ஒன்பது பேர் பேசிக்கொண்டிருந்தபோது நர்ஸ், “நாய்க்கு அப்புறம் பார்க்கலாம், முதல்ல கூட்டத்துக்கு யாராவது ஒரு கயிறு கொண்டு வாங்க” என்றாள். கையைத் தூக்கச் சொன்னபோது அவள் மாவுக்கட்டுக் கையைத் தூக்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு எதிர்த்துக் கை தூக்க யாருக்கும் மனம் வரவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மேஜர் புல்தரையில் தனியாக, கயிறில்லாமல், கம்பீரமாக உலவிக்கொண்டிருந்தது.

சரிங்க கீழே இறங்கிப் போனார். துணி காயப் போடும் கயிற்றை அதன் கழுத்துப் பட்டையில் மாட்டினார். மூன்று மாடி ஏறினார். இரண்டு மாடி அவர் அதை இழுத்தார், மூன்றாவது மாடிக்கு அது அவரை இழுத்தது. மூச்சு வாங்கிக்கொண்டே மணியை அடித்தார்.

கோச் கதவைத் திறந்தார். “கோவிச்சுக்காதீங்க. வேற என்ன செய்யறதுன்னு தெரியலை. அது ஒண்ணும்...”

“அது ஒண்ணும் பண்ண வேண்டாங்க. நீங்க பண்ணுங்க. செருப்பைப் போடுங்க, போலாம்.”

“எங்கே?”

“நர்ஸ் வீட்டுக்கு. தோளைக் காட்டறதுக்கு. நான் யாருகிட்டயும் சொல்லலை. நீங்களே சொல்லுங்க.”

கோச் உள்ளே திரும்பிப் பார்த்தார். பின்னால் தெரிந்த அறையில் ஒரு கட்டில், சுவரில் வரிசையாகப் பழைய பதக்கங்கள், சோபா முழுக்கக் கறுப்பு முடி. அப்புறம் செருப்பைத் தேடினார். ஒரு கால் செருப்பு கிடைத்தது, மற்றதை மேஜர் எப்போதோ முடித்துவிட்டிருந்தது.

நர்ஸ் அவர் கையைத் தன் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள். “ஒரு வருஷமா மறைச்சு வெச்சிருந்தீங்களா? குழந்தைங்களாவது வலிச்சா அழுதுடும்” என்றாள். தன் ஆஸ்பத்திரியிலேயே உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவு இருப்பதாகச் சொன்னாள். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களே என்று கோச் தயங்கினார்.

“எங்க ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. குளத்துப் பக்கமே வர மாட்டாங்க. பயப்படாம வாங்க அண்ணே.”

மாவுக்கட்டைப் பிரித்தபிறகு அவளுக்கும் அதே பிரிவில் சிகிச்சை. மூன்று மாதம் இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் பந்தை அமுக்கிக்கொண்டும் ஒருவர் ரப்பர்ப் பட்டையை இழுத்துக்கொண்டும் இருந்தார்கள். கோச் முனகினால் நர்ஸ், “ஒண்ணும் பண்ணாதுங்க” என்று தைரியம் சொல்லுவாள். குளத்து நிர்வாகத்திடம் கோச் தாமே போய் விஷயத்தைச் சொன்னார். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒரு வருஷமாகத் தண்ணீரில் இறங்காத நீச்சல் கோச்சை யாரும் கவனிக்கவில்லை என்று அவர் ஒருவர்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

தோள் குணமாகும் வரைக்கும், தொட்டிக்குப் பின்னால் புதிதாகப் போட்ட வேலிக்கு மேஜரைக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு சரிங்கவின் தலையில் விழுந்தது. முதல் நாள் மேஜர் போன வேகத்தில் அவர் பின்னால் கிட்டத்தட்டப் பறந்தார். டீச்சரின் பூந்தொட்டிகள் இரண்டு உருண்டன. ஜன்னல் திறந்தது.

“உட்காரு!”

முப்பத்தைந்து வருஷம் வகுப்பறையை அடக்கிய குரல். மேஜர் பொத்தென்று உட்கார்ந்தது. பக்கத்தில் செடி வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரரும் உட்கார்ந்துவிட்டார்.

“கயித்தை இவ்வளவு நீளமா விட்டா அது எப்படி நிக்கும்? ரெண்டு அடி போதும். கையில ஒரு சுத்து சுத்துங்க. இழுத்தா நின்னுடணும். அது திரும்பிப் பார்த்ததும்தான் நடக்கணும். எத்தனை பசங்களைப் பார்த்திருக்கேன்” என்று ஜன்னலில் இருந்தபடியே பாடம் நடத்தினார் டீச்சர். “நாய் எனக்குப் பிடிக்காது. அதுக்காகத் தப்பாச் செய்யறதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?”

அவர் சொன்னபடி செய்ததில் பத்து நாளில் மேஜர் ஆள் போல் நடந்தது. சரிங்கவுக்கும் அதில் கொஞ்சம் பயிற்சி கிடைத்தது. பஸ்ஸில் காலை நீட்டி உட்கார்ந்த ஒருவரிடம், “காலை மடக்குங்க” என்று சொல்லிவிட்டதாக ஒரு நாள் வீட்டில் வந்து சொன்னார். மனைவி நம்பவில்லை. மகள் மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மைத்துனன், தான் வைத்த பெயருக்கு ஆபத்து வந்துவிட்டது என்று வருத்தப்பட்டானாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. லிப்ட் இருக்கிற ஒரே கட்டடத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னமும் அதற்குள் நாயை அவிழ்த்துவிட்டு, கதவு திறக்கும்போது மாட்டுகிறார்கள். டீச்சர் அவர்களைக் கண்காணித்து வாரம் ஒரு காகிதம் கொடுக்கிறார். சரிங்க காகிதத்தோடு நேரே அந்த வீட்டுக்குப் போய் மணி அடிக்கிறார். மணி அடித்துவிட்டு, அவர்கள் வீட்டில் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வதும் உண்டு. கோச்சின் கை இப்போது தலைக்கு மேல் போகிறது. இடுப்புப் பட்டையில் கயிற்றை மாட்டிக்கொண்டு மேஜரை அவரே கூட்டி வருகிறார்.

வேலிக்குள் தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரைக்கும் நேரம். கதவைச் சாத்தி, கயிறுகளை அவிழ்த்ததும் நாய்கள் இரண்டு சுற்று ஓடும். மூன்றாவது சுற்றில் ஒவ்வொன்றாகக் கழன்று, மதிலோரம் வெயில் விழும் இடமாகப் பார்த்துப் படுத்துவிடும். சுதந்திரம் வாங்கிக் கொடுத்தவர்களுக்கு மனசு ஆறாது. நடுவில் நின்று பந்தை எறிவார்கள். நாய் தலையைத் தூக்கிப் பந்து போவதைப் பார்க்கும், மறுபடி தலையைச் சாய்த்துக்கொள்ளும். எறிந்தவர்களே ஓடிப்போய் எடுத்து வருவார்கள். ஏழு மணி ஆவதற்குள் எல்லாருக்கும் நன்றாக வியர்த்திருக்கும்.